பதினோரு விநாடிக்குப் பிறகு ஓர் ஆமா

சென்ற மாதம் சென்னையிலிருந்து தேன்மொழி என்ற பெண் தொலைபேசியில் அழைத்தாள். பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றுகிற வேலை அவளுக்கு. எங்கள் 'மீன்கொத்தி' நிறுவனம் வெளியிட்ட நாற்பத்தோரு கேசட்டுகளில் முப்பதுக்கு மேல் தேடிப் பிடித்துவிட்டாளாம். உறையின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'ஒலிப்பதிவு: சிதம்பரம்' என்று இருப்பதைப் பார்த்து, யார் யாரிடமோ கேட்டு என் எண்ணைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

"சார், மடையடியம்மன் கதைன்னு ஒரு வில்லுப்பாட்டு. ரெண்டாவது பக்கத்துல மங்களம் பாடி முடிச்சிடறாங்க. அப்புறம் பதினோரு செகண்ட் ஒண்ணுமே இல்ல. அதுக்கப்புறம் யாரோ ஒருத்தர் 'ஆமா'ங்கறார். அவ்வளவுதான். தப்பா வந்து ஒட்டிக்கிட்டதுன்னு நினைக்கிறேன். கட் பண்ணிடட்டுமா?"

"ஒரு வாரம் பொறும்மா. எழுதி அனுப்புதேன்" என்றேன்.

ஒரு வாரம் மூன்று வாரமாகிவிட்டது. எழுத உட்காரும்போதெல்லாம் எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன். ஆற்றுப் பக்கமிருந்து காற்று வருகிறது. காற்றில் எந்தச் சத்தமும் இல்லை. திரும்பி வந்து உட்காருகிறேன்.

மீன்கொத்தி பிறந்தது மேலப்பாளையத்தில், பீடி இலை மூட்டைகள் அடுக்கியிருந்த ஒரு குடோனின் மாடியில். மைதீன் அண்ணாச்சி துபாயில் பதினான்கு வருடம் ரேடியோ, டேப் விற்கிற கடையில் நின்றவர். ஊர் திரும்புகிறவர்கள் போர்வையும் சென்ட் பாட்டிலும் கொண்டுவரும் காலத்தில் அவர் மரப்பெட்டியில் ஒரு ஸ்பூல் பதிவுக் கருவியும், இரண்டு மைக்கும், ஒரு கேசட்டிலிருந்து ஒரே நேரத்தில் நான்கு படி எடுக்கும் இயந்திரமும் கொண்டுவந்தார். வீட்டுக்காரம்மா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். நான் பேட்டையில் ரேடியோ மெக்கானிக் படிப்பு இரண்டு வருடம் முடித்து, டவுனில் ஒரு ரேடியோக் கடையில் மூன்று வருடம் ஈயம் உருக்கியிருந்தேன். அந்த ஐந்து வருடத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. கை பழகியது, காது பழகவில்லை. அண்ணாச்சியிடம் வேலை கேட்டுப் போன அன்று அவர் மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"கண்ண மூடிக்கிட்டுச் சொல்லும் வே. இந்த ரூம்ல என்னென்ன சத்தம் கேக்கு?"

தெருவில் சைக்கிள் மணி, கீழே மூட்டை இழுக்கிற சத்தம், எங்கோ தண்ணீர்க் குழாய். வரிசையாகச் சொன்னேன்.

"ஒம்ம கைக்கடியாரத்த விட்டுட்டீரே" என்றார். பிறகு தன் கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் வேலைக்கு உட்காரப்போகிறார் என்பதற்கு அதுதான் அடையாளம். கடைசிவரை அதை மாற்றிக்கொள்ளவில்லை.

பெயர் ஏன் மீன்கொத்தி என்று ஒருமுறை கேட்டேன். "ஆத்துப் பாலத்துல நின்னு பாத்திருக்கீரா? ஒரே பாய்ச்சல். மீனோட வரும், இல்ல சும்மா வரும். ரெண்டாந்தரம் அதே மீன் அதே எடத்துல இருக்காது வே. சத்தமும் அப்படித்தான்."

நாலு சுவரிலும் பத்தமடையிலிருந்து வாங்கிய முரட்டுக் கோரைப்பாய்களை அறைந்திருந்தோம், எதிரொலி அடங்குவதற்கு. பட்டுப்பாய் நெய்கிற ஊரில் போய் முரட்டுப்பாய் கேட்டதற்கு அங்கே ஒருவர் முகம் சுளித்தாராம். பாய் வாசனையும் பீடி இலை வாசனையும் கலந்த அந்த அறையில் மின்விசிறி போடக்கூடாது. பாடுகிறவர் வேர்க்க வேர்க்கப் பாடுவார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்களும் வேர்க்க வேர்க்கக் கேட்போம். பாங்கு சொல்லும் நேரம் வந்தால் கருவியை நிறுத்திவிட்டு அண்ணாச்சி தொழப் போவார். வந்தவர்கள் மோர் குடிப்பார்கள். ரம்ஜானுக்கு நபிகள் புகழ்ப் பாட்டு, ஆடிக்கு அம்மன் பாட்டு, உவரிக் கடற்கரைக்காரர்களின் மாதா பாட்டு எல்லாம் அந்தப் பாய்களுக்கு நடுவில்தான். உவரிக் குழு முதல் வரியை எடுத்ததும் மீட்டரின் முள் வலது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. "இவுக கடலுக்குப் பாடுதாக வே, மைக்குக்கு இல்ல" என்று சொல்லி அண்ணாச்சி மைக்கைத் தூக்கிப் பக்கத்து அறையில் வைத்தார். அப்புறம்தான் பாட்டு பாட்டாக வந்தது.

வேலைமுறை இதுதான். காலையில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் கருவியின் ஒலிமுனைகளைத் துடைக்க வேண்டும், பஞ்சில் பழுப்பு வராத வரைக்கும். பாட்டு முடிந்த பிறகும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் நாடா ஓட வேண்டும். யாரும் பேசாத அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. வெட்டி ஒட்டும்போது இடைவெளி நிரப்ப அதுதான் உதவும். அந்த ஒரு நிமிடத்தைத் தனி ஸ்பூலில் சுற்றி 'சும்மா' என்று எழுதி வைப்போம். பிறகு வெட்டு. நாடா விநாடிக்கு ஏழரை அங்குலம் ஓடும். ஒலிமுனையில் அதைக் கையால் முன்னும் பின்னும் இழுத்து, இருமல் எங்கே தொடங்குகிறது, பிசகிய சொல் எங்கே முடிகிறது என்று காதால் தொட்டு, நாடாவின் முதுகில் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் கோடு போட்டு, சவர பிளேடால் சரிவாக வெட்டி, முனையோடு முனை சேர்த்து வெள்ளை ஒட்டுநாடா.

வெட்டிய துண்டுக்கு அண்ணாச்சி ஒரு சட்டம் வைத்திருந்தார். சுவரோரமாக ஒரு துணிக்கொடி. ஒவ்வொரு துண்டையும் கிளிப் போட்டு அதில் தொங்கவிட வேண்டும். எந்த இடம், எந்தச் சொல்லுக்குப் பின் என்று எழுதிய சீட்டும் கூடவே. பாடினவர்கள் கேசட்டைக் கேட்டு, சரி என்று சொல்லும்வரை எதையும் எறியக்கூடாது.

"வெட்டுனது உம்ம சொத்தில்ல வே. அவுக கேட்டா எடுத்துக் குடுக்கணும்."

ஐந்து வருடம் யாரும் வந்து கேட்டதில்லை.

மடையடியம்மன் கதையைப் பாட வந்தது இசக்கிமுத்துப் புலவரின் குழு. ஐந்து பேர். ஆற்றின் மடையில் உடைப்பெடுத்த தண்ணீரை நிறுத்துவதற்காகப் பலியிடப்பட்ட ஒரு பெண், அங்கேயே தெய்வமாக நின்ற கதை. புலவர் வில்லை அடித்துப் பாடுவார். நடுநடுவே பாட்டை நிறுத்திக் கதையை வசனமாகச் சொல்வார். அப்போது உடுக்கை, ஜால்ரா எல்லாம் ஓய்ந்துவிடும். அவர் ஒரு வரி சொல்லி நிறுத்த, எதிரே உட்கார்ந்து குடம் அடிக்கிறவர் 'ஆமா' என்பார். அடுத்த வரி. 'ஆமா.' வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இது தெரியும். கேட்காதவர்களுக்கு, ஊரே கதையைக் கேட்டுத் தலையாட்டுவதை ஒரு மனிதர் வாயால் செய்கிறார் என்று சொல்லலாம்.

குடம் அடித்தவர் பரமசிவன். திசையன்விளைப் பக்கத்து ஆள். தேரிக்காட்டு மண்ணின் செம்மை வேட்டி விளிம்பில் ஏறியிருக்கும். நாள் முழுவதும் அவர் எங்களிடம் பேசியது நாலு சொல்கூட இருக்காது. புலவர் அவரைக் கேலி செய்தார்: "இவன்கிட்ட என்ன கேட்டாலும் ஒரே பதில்தான் அண்ணாச்சி. இவன் பொண்டாட்டி குடுத்து வச்சவ." பரமசிவன் குடத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஆமா." எல்லோரும் சிரித்தார்கள்.

கதை அறுபத்து நாலு நிமிடம் வந்தது. எங்கள் கேசட்டோ அறுபது நிமிடம். கோயில் கொடைத் திருவிழாக்கள் தொடங்கப் பத்து நாள்தான் இருந்தது. உறை அச்சாகி வந்துவிட்டது. அண்ணாச்சி ஒரு நிக்காஹுக்காகக் காயல்பட்டினம் போயிருந்தார். நாலு நிமிடத்தை எங்கே எடுக்கலாம் என்று புலவரிடம் கேட்டேன்.

"கதையில ஒரு சொல்லு கொறஞ்சாலும் அம்மன் எங்கிட்டதான் கேப்பா, ஒம்மகிட்ட கேக்க மாட்டா. கதையில மட்டும் கை வைக்காதீரும்."

வைக்கவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து, வசனப் பகுதியில் இருந்த ஆமாக்களை எல்லாம் எடுத்துவிட்டேன். ஓர் ஆமாவும் அதைச் சுற்றிய மூச்சும் ஒரு முழ நாடாவுக்குள் அடங்கும். அப்படி நூற்று முப்பத்தெட்டுத் துண்டு. கொடியில் தொங்கவிட்டால் கொடி தாங்காது, சீட்டு எழுதினால் கை ஓயும். எல்லாம் ஒரே ஆமாதானே என்று நினைத்தேன். பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு மூடிவிட்டேன்.

கதை முழுசாக இருந்தது. ஒரு சொல் குறையவில்லை. அறுபது நிமிடத்துக்குள் அடங்கியது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

திரும்பி வந்த அண்ணாச்சி வழக்கம்போல ஒலிபெருக்கிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டார். "மூச்சு விடாம ஓடுதே வே" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். புலவரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினோம். கதை பிசகாமல் இருக்கிறதா என்று மட்டும் அவர் கேட்டார். திருப்தியோடு போனார். வில்லடிக்கிறவர் கேட்டால் குழுவே கேட்ட மாதிரி என்று நாங்களும் விட்டுவிட்டோம். அந்தக் கொடைக் காலத்தில் மீன்கொத்தியின் கேசட்டுகளில் அதிகம் ஒலித்தது அதுதான்.

ஆவணி மாதம் ஒரு கொடை முடிந்து வேனில் திரும்பும்போது பரமசிவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். நாங்குநேரி தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எங்களுக்குத் தெரியவந்தது அதற்கும் பதினெட்டு நாள் கழித்து, அவருடைய மனைவி வேலம்மாள் படியேறி வந்தபோது.

முற்பகல் பதினொரு மணி இருக்கும். மஞ்சள் பையிலிருந்து கேசட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இங்கன மொதலாளி யாரு?"

"உக்காருங்க தாயி" என்றார் அண்ணாச்சி.

அவர் உட்காரவில்லை. "எங்க வீட்ல கேக்குத பெட்டி கெடையாது. டீக்கடையில போடச் சொல்லி, ரெண்டு பக்கமும் நின்னு கேட்டேன். குடம் கேக்கு. ஆளக் காணும்."

"யாரு தாயி?"

"எங்க வீட்டுக்காரவுக. குடம் அடிச்சவுக. புலவர் சொல்லச் சொல்ல ஆமா போடுவாகல்லா? ஒரு ஆமா கூட இல்லியே. அன்னைக்கு உன் வீட்டுக்காரன் பதிவுக்கே போகலியோட்டின்னு கேக்காக. முப்பது வருசம் ஆமா போட்ட மனுசன்." மூச்சு வாங்கினார். "இப்பம் எங்க போய்க் கேப்பேன். இதுலதான் இருப்பாகன்னு வந்தேன்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் போய் டின்னை எடுத்து வந்தேன். மூடியைத் திறந்ததும் பழுப்பு நாடாத் துண்டுகள் சுருள் சுருளாக நிமிர்ந்தன.

"சீட்டு எங்க வே?"

"எல்லாம் ஒரே ஆமாதானேன்னு…"

அண்ணாச்சி கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதைவிட ஓர் அடி கொடுத்திருக்கலாம்.

அந்த அம்மாளை உட்காரவைத்துவிட்டு, கைக்கு வந்த துண்டுகளை ஒன்றோடு ஒன்று ஒட்டி அவசரமாக ஒரு சரம் செய்தேன். முப்பது, நாற்பது ஆமா. கருவியில் போட்டேன். ஆமா. ஆமா. ஆமா. அறை முழுக்கப் பரமசிவன். வேலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். கொஞ்ச நேரத்தில் கையைத் தூக்கினார்.

"நிப்பாட்டுங்க."

நிறுத்தினேன்.

"சத்தம் அவுகதான். ஆனா இது என்ன, கிறுக்கன் மாதிரி தனியா ஆமா ஆமாங்காக? யாரும் ஒண்ணு சொல்லாம அவுக ஒரு நாளும் ஆமா சொன்னதில்ல. இதப் புள்ளைகளுக்கு எப்படிப் போட்டுக் காட்ட?"

அண்ணாச்சி எழுந்து நின்றார். "பத்து நாள் குடுங்க தாயி. அவரு எங்கெங்க உக்காந்திருந்தாரோ அங்கங்க உக்கார வச்சிருதோம்."

இத்தனை வருட வேலையில் அந்தப் பத்து நாளைப் போல எதுவும் இல்லை. காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் மாலை அஸர் பாங்குவரை. மூல நாடாவில் நான் வெட்டிய இடமெல்லாம் வெள்ளை ஒட்டு இருந்ததால் இடம் தெரிந்தது. எந்த இடத்துக்கு எந்த ஆமா என்பதுதான் தெரியவில்லை. முதலில் துண்டின் தலை எது, வால் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். சரிவாக வெட்டிய துண்டைத் திருப்பி வைத்தாலும் அதே சரிவுதான். தலைகீழாக ஓட்டினாலும் ஆமா என்பது ஏறக்குறைய ஆமா என்றே கேட்கும். மூச்சு மட்டும் காட்டிக்கொடுக்கும். நேராக ஓடினால் சொல் முடிந்து மூச்சு மெல்ல அடங்கும். தலைகீழாக ஓடினால் மூச்சு எங்கிருந்தோ வீங்கி வந்து சொல்லில் முட்டும். ஒவ்வொரு துண்டாக அந்த மூச்சைக் கேட்டேன். உயிரோடு இருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கேட்காத மூச்சு.

இரண்டாம் நாள் புலவரே வந்துவிட்டார். அவர் முகம் சுருங்கியிருந்தது. "கதை முழுசா இருக்கான்னுதான் கேட்டேன். அவன் இருக்கானான்னு கேக்கலியே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் ஒரு துண்டை ஓட்டுவேன். அவர் கண்ணை மூடி, உதட்டுக்குள் கதையை ஓடவிட்டு, இடத்தைச் சொல்வார்.

"இது மடை ஒடையுத எடம். தொண்டையில தண்ணி ஏறுது பாரும்."

அடுத்தது.

"இது அந்தப் பொண்ணு தலைக்குப் பூ வைக்கச் சொல்லிக் கேக்குத எடம். அவ திரும்பி வரமாட்டான்னு இவனுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். ஆனாலும் ஆமாங்கான். எப்படி வே சொல்லியிருக்கான், பாரும்."

பார்த்தேன். அதாவது கேட்டேன். பயந்த ஆமா, அவசர ஆமா, பாதி தூக்க ஆமா, புலவர் வரியை மறந்து தடுமாறியபோது அவருக்குக் கை கொடுக்க நீட்டிச் சொன்ன ஆமா. நூற்று முப்பத்தெட்டில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. ஒரே ஆமாதானே என்று நினைத்தவன் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, பிளேடு பட்ட காயத்தோடு காயம் பொருத்தி ஒட்டினேன். ஒட்ட ஒட்டக் கதைக்கு மூச்சு வந்தது. 'மூச்சு விடாம ஓடுதே' என்று அண்ணாச்சி சொன்னதன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவரைக் கேட்டேன்: "அன்னைக்கே தெரிஞ்சுதா அண்ணாச்சி?" அவர் சொன்னார்: "என்னமோ கொறையுதுன்னு தெரிஞ்சுது. கொடைக்கு நேரமாச்சுன்னு நானும் விட்டுட்டேன். ஒம்ம தலையில மட்டும் போட்டுக்கிடாதீரும்."

பத்தாம் நாள் காலையில் நூற்று முப்பத்தேழு இடமும் நிரம்பிவிட்டன. டின்னில் ஒரு துண்டு மிச்சமிருந்தது. மூல நாடாவை முதலிலிருந்து ஓட்டினோம். இனி அதில் இடமே இல்லை. புலவர் அந்தத் துண்டைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "அவன் சத்தந்தான். ஆனா இது கதையில வராது."

வேலம்மாள் வந்தார். முழுக்கதையையும் தலைகுனிந்தபடி கேட்டார். இரண்டு இடத்தில் அவர் உதடும் சேர்ந்து ஆமா என்றது. முடிந்ததும், மிஞ்சிய துண்டைத் தனியாக ஓட்டிக் காட்டி, "இது எங்க வரும்னு தெரியலம்மா" என்றேன்.

அவர் நிமிர்ந்தார்.

"இது மேடையில சொல்லுத ஆமா இல்ல. இது வீட்ல சொல்லுத ஆமா. சாப்ட்டாச்சான்னு கேட்டா இப்படித்தான் சொல்லுவாக."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பதிவு முடிந்த அன்று, மங்களம் பாடி எல்லோரும் அசையாமல் உட்கார்ந்திருக்க, நாடா ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து அண்ணாச்சி, களைத்துவிட்டதா என்று பரமசிவனைப் பார்த்துக் கையால் கேட்டார். பேசக்கூடாது என்பதை மறந்து அவர் வாயால் பதில் சொல்லிவிட்டார். அறையின் மௌனம் கெட்டுப்போயிற்று என்று அதையும் நான் வெட்டி, அதே டின்னில் போட்டிருந்தேன். அலமாரியிலிருந்து 'சும்மா' ஸ்பூலை எடுத்து ஓட்டினேன். பதினோராவது விநாடியில் வெள்ளை ஒட்டு இருந்தது.

அந்த இடத்தைத் திறந்து, துண்டை வைத்து ஒட்டி, மங்களத்தின் முடிவோடு சேர்த்தேன். மறுபடி ஓட்டினோம். மங்களம் முடிந்தது. அறையின் சத்தம் மட்டும், நாங்கள் உட்கார்ந்திருந்த அதே அறையின் சத்தம். அண்ணாச்சி கண்ணை மூடியிருந்தார். நான் வேலம்மாளைப் பார்த்தேன். அந்த வெறுமைக்குள் அவர் குனிந்து, எங்கள் யாருக்கும் கேட்காதபடி, ஏதோ கேட்டார்.

"ஆமா" என்றார் பரமசிவன்.

அந்த அம்மாள் எழுந்து பையை எடுத்துக்கொண்டார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. வாரேன்" என்றார். புலவர் சுவர்ப் பாயைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

பழைய கேசட்டுகளை அண்ணாச்சி கடை கடையாகத் திரும்ப எடுத்தார். மடையடியம்மன் கதை தொண்ணூறு நிமிடக் கேசட்டில் மறுபடி வந்தது. கடைசியில் ஏதோ பேய்ச்சத்தம் வருகிறது என்று சொல்லிச் சிலர் கொண்டுவந்தார்கள். "அது கேசட்டுல உள்ளதுதான்" என்று மட்டும் அண்ணாச்சி சொல்வார். மீன்கொத்தி அதற்குப் பின் சில வருடம் ஓடியது. குறுந்தகடு வந்தது, படியெடுக்கும் இயந்திரம் நின்றது, பாய்களை இறக்கினோம். அண்ணாச்சி மௌத்தானபோது நான் ஒரு கல்லூரியின் ஒலிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். போன வருடம் அந்த வேலையையும் ஓய்வு வயதுக்கு முன்பே விட்டுவிட்டேன். அண்ணாச்சி இறந்த அன்றும், அவர் மேசைமேல் கழற்றி வைத்திருந்த கடிகாரம் ஓடிக்கொண்டிருந்ததாக அவர் மகன் சொன்னான்.

தேன்மொழி, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். வெட்ட வேண்டாம். இன்னொன்றும் இருக்கிறது. உன் கணினி அந்தப் பதினோரு விநாடியை வெற்றிடம் என்று நினைத்துத் தானாகச் சுருக்கிவிடக்கூடும். அதற்கும் இடம் கொடுக்காதே. யாரும் கேட்காமல் பரமசிவன் ஆமா சொல்ல மாட்டார். எங்கேயோ யாரோ கேட்டு முடிப்பதற்கு அந்த நேரம் வேண்டும்.